கணவர் பெயருக்கு விட்ட இடைவெளி

1

இவ்வூர்ப் பல்கலைக்கழகத்தின் பெயரை என் ஊர்க்காரர்களாகிய உங்களுக்கு எழுதும் இக்குறிப்பில் சொல்லப் போவதில்லை. குறை சொல்லப்போகும் இடத்தின் பெயரை விட்டுவிடுவது மரியாதை. தவிரவும், ஒரு பெயர் சொல்லாமல் விடப்பட்டதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பிரான்சின் கிழக்குப் பகுதியில், மலையடிவாரத்தில், ஆண்டின் பாதியைப் பனிமூட்டத்தில் கழிக்கும் ஒரு நகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கு மூன்று மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். நாகர்கோவிலில் இருந்தவரை நம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு கற்பித்தேன். வாழ்க்கை என்னை இப்படித் திருப்பி வைத்ததில் எனக்குப் புகார் இல்லை. புகார் வேறு.

என் மனைவி உமையம்மாளின் முதல் ஆண்டுத் திதி சென்ற வாரம் திங்கட்கிழமை வந்தது. ஆற்றங்கரைப் படியில் நின்று எள்ளும் நீரும் விட்டேன். காவலர் ஒருவர் வந்து, ஆற்றில் எதையும் கொட்டக் கூடாது என்று தெரிவித்தார். அரிசியும் எள்ளும்தான் என்றேன். மீன்களுக்கா என்று கேட்டார். ஆம் என்றேன். தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனார். இந்த நாட்டில் எல்லாவற்றையும் மரியாதையாகவே செய்வார்கள்.

மறுநாள் காலை வகுப்புக்குப் போகும்போது, பல்கலைக்கழகத்தின் கீழ்த்தளத் தாழ்வாரத்தில், மூடியிருந்த ஒரு கதவுக்கு அப்பால் உமையம்மாள் பேசிக்கொண்டிருந்தாள்.

பிரெஞ்சில் பேசினாள். தன் பெயரைச் சொன்னாள். இந்தியாவின் தென்கோடியிலிருந்து வருகிறேன் என்றாள். ஒரு மகள் இருக்கிறாள் என்றாள். சொற்கள் பிரெஞ்சு, இழுப்பு முழுக்க அவள் ஊரான தெரிசனங்கோப்பு. பிறகு ஓர் ஆண்குரல் ஏதோ கேட்டது. அவள் பதில் சொல்லவில்லை. அந்த அமைதி நீண்டுகொண்டே போனது. அறைக்குள் ஒரு வகுப்பே சிரித்தது.

குடையை மடக்கிக் கையில் மாட்டிக்கொண்டு மேல்தளத்திற்குப் போனேன். என் மூன்று மாணவர்களுக்கும் அன்று வேற்றுமை உருபுகள். பாடம் நன்றாகவே நடந்தது.

2

அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பது மொழிப் பயிற்சிக் கூடம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பிரெஞ்சை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கப் பல்கலைக்கழகம் பெருஞ்செலவில் அமைத்தது. மரத்தடுப்புகளால் பிரிக்கப்பட்ட சிறு இருக்கைகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஒலிவாங்கி, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் டேப் ரிக்கார்டர். நாடாவிலிருந்து ஒரு குரல் கேள்வி கேட்கும். பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்குள் மாணவர் பதில் சொல்ல வேண்டும், அது பதிவாகும். இடைவெளி முடிந்ததும் அதே குரல் சரியான விடையைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும். யாருக்காகவும் காத்திருக்காது. ஒருவருக்கொருவர் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பது கூடத்தின் முதல் விதி.

போலந்துக்காரிகள், இத்தாலியப் பெண்கள், வியட்நாமிலிருந்து வந்த இரு சகோதரிகள் ஆகியோரோடு உமையம்மாளும் இந்த வகுப்பில் சேர்ந்தாள். புடவைக்கு மேல் கம்பளிக் கோட்டு, நெற்றியில் திருநீறு. வருகைப்பதிவில் அவள் மதாம் பிள்ளை. அதில் அவளுக்கு அடக்கமாட்டாத சிரிப்பு. "ஊருல மூத்தவளா இருந்தேன். இங்க வந்து எல்லாருக்கும் நான் பிள்ளையாயிட்டேன்" என்பாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரத்தை ஓட்டுகிறவள் எங்கள் மகள் வள்ளி. இதே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். படிப்புக்கு நடுவே இந்தக் கூடத்தில் உதவியாளர் வேலை. வீட்டில் என்னிடம் பிரெஞ்சில் பேசுவாள். நான் தமிழில் பதில் சொல்வேன். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் திருத்துவதை எப்போதோ நிறுத்திவிட்டோம்.

அன்று இரவு உணவின்போது, கூடத்தில் அம்மாவின் நாடா ஒலித்ததே என்று கேட்டேன். கரண்டியை வைத்துவிட்டாள். அதிசயமாகத் தமிழில் பதில் வந்தது.

"கேட்டியளாப்பா?"

கேட்டேன் என்றேன். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அந்த நாடாவைப் புது மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள் என்று சொன்னாள். இயந்திரத்தின் முன் பயந்து உறைந்துபோகக் கூடாது என்பதற்கு எடுத்துக்காட்டாம். நாடாப் பெட்டியின்மேல் 'வினாவைப் புரிந்துகொள்ளாதவர்' என்று தாள் ஒட்டியிருக்கிறதாம். அது என்ன வினா என்று கேட்டேன்.

"கணவர் பேரு என்னான்னு."

அவளே தொடர்ந்தாள். "அம்மைக்க குரலுன்னு அவியளுக்குத் தெரியாதுல்லா. வெறும் நம்பருதான். யாரையும் பாத்துச் சிரிக்கல்லப்பா."

"உனக்குத் தெரியும்லா" என்றேன்.

அவள் எழுந்து தட்டுகளைக் கழுவப் போனாள்.

3

நாகர்கோவில் வடசேரியில் எங்கள் வீட்டைப் பார்த்தவர்கள் உங்களில் சிலர் இருக்கக்கூடும். சந்தைக்குப் போகும் வழி. விடிவதற்கு முன்பே வாழைக்குலை வண்டிகளின் சத்தம். சுதந்திரம் வந்த ஆண்டில் எங்கள் கல்லூரி ஒரு கிராமபோனும் பிரெஞ்சுப் பாடத் தட்டுகளும் வாங்கியது. கல்லூரியில் அவற்றை வைக்க நல்ல அலமாரி இல்லை. மழைக்காலத்தில் எல்லாம் பூத்துப்போகும். ஆகவே மாலையில் வீட்டுக்கு எடுத்துவந்து காலையில் திருப்பிக் கொண்டுபோவேன்.

வகுப்பில் அந்தக் கருவி பெரும் தோல்வி. தட்டு கேள்வி கேட்டால் பிள்ளைகள் கோயில் பஜனைபோல் ஒன்றாகப் பதில் சொல்வார்கள்; தட்டின் சரியான விடை அந்தக் கூச்சலில் மூழ்கும். வீட்டில்தான் அது வெற்றி. தோசை சுடும் நேரத்தில் உமையம்மாள் அதற்குச் சாவி கொடுத்து ஓடவிடுவாள். தட்டு கேட்கும், அவள் அடுப்படியிலிருந்து பதில் சொல்வாள். இலக்கணம் ஒரு வரி படித்ததில்லை. நான் ஆறு ஆண்டுகளில் பெற்றதை அவள் ஒரு மழைக்காலத்தில் காதால் பெற்றாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டுத் தாயம்மை மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். "ஏட்டி உமையம்மே, ஒத்தையில யாருகிட்ட பேசுக?"

"ஒரு வெள்ளைக்காரன் கேக்கான், நான் சொல்லுகேன். பாவம், நான் என்ன கேட்டாலும் அவனுக்குப் பதில் சொல்லத் தெரியாது."

அந்தத் தட்டிலும் இதே கேள்வி உண்டு. அம்மணி, உங்கள் கணவரின் பெயர் என்ன? இடைவெளி. பிறகு தட்டே சொல்லும்: என் கணவரின் பெயர் ழூல்.

உமையம்மாள் என் பெயரைச் சொல்லமாட்டாள். இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் பெயரும் சுசீந்திரத்துச் சுவாமியின் பெயரும் ஒன்றாகிப்போனதால், அந்தச் சுவாமியையும் 'சுசீந்திரத்துப் பெரியவிய' என்றுதான் சொல்வாள். மார்கழித் தேருக்குப் போய்வந்த எவரும் எந்தப் பெரியவர் என்று அவளைக் கேட்டதில்லை.

ஆகவே அந்தக் கேள்வி வந்ததும் அடுப்படியிலிருந்து குரல் எழும்: "ஏட்டி, நீ சொல்லேன்." வள்ளிக்கு அப்போது பதினொரு வயது. முற்றத்தில் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் அங்கிருந்தே, கோயில் ஏலத்தில் கூவுகிறவரைப்போல, என் பெயரைக் கத்துவாள். அதோடு நில்லாமல் ஓடிவந்து கிராமபோன் ஊசியைத் தூக்கி, ழூலைத் தாண்டி, அடுத்த கேள்வியில் வைப்பாள். அவளுடைய அவசரத்துக்குக் காரணம் அவளுடைய தாய்.

"ஓடி வாட்டி. இல்லேன்னா தட்டுக்காரன் எனக்கு வேற மாப்பிள்ளை பாத்திருவான்."

கல்லூரித் தட்டில் அந்த இடத்தில் ஆழமான கீறல் விழுந்தது. அதைப் பற்றி முதல்வருக்கு நான் விளக்கம் எழுதிக்கொடுக்க நேர்ந்தது. ஈரக்காற்று என்று எழுதினேன்.

வீட்டில் மட்டுமல்ல. அரிசிப் பங்கீட்டுக் கடையிலும், வாக்காளர் பெயர் எழுத வந்தவரிடமும் இதுவே நடந்தது. அதிகாரி கேட்பார், அவள் திரும்பிப் பார்ப்பாள், பக்கத்தில் நிற்பவர் யாரானாலும் சொல்வார், அதிகாரி எழுதிக்கொள்வார். திருவிதாங்கூர் அரசாங்கத்தில் எத்தனையோ மூட கிளார்க்குகளைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பெண்ணுக்குக் கேள்வி விளங்கவில்லை என்று அவர்களில் ஒருவர்கூட முடிவுகட்டியதில்லை.

4

கூடத்தின் பொறுப்பாளரைச் சந்திக்க எழுதிக் கேட்டேன். நேரம் ஒதுக்கித் தந்தார். நாற்பது வயதுக்காரர், கருவியைப் பற்றிப் பேசும்போது முகம் மலரும். எதிரே உட்காரவைத்துக் காப்பி தருவித்தார்.

என் பிரெஞ்சு புத்தகத்திலிருந்து வந்தது. ரொட்டிக் கடை அம்மாளுக்கு நான் பேசினால் பாதிரியாரின் பிரசங்கம் கேட்பதுபோல் இருக்குமாம். உமையம்மாள் முட்டைக்கோசுக்குப் பேரம் பேசினால் அதே அம்மாள் கடையை விட்டு வெளியே வந்து வேடிக்கை பார்ப்பாள். அன்று எனக்குப் பிரசங்கப் பிரெஞ்சு பயன்பட்டது. ஒட்டியிருக்கும் தாளில் உள்ளது பிழை என்றும், அந்தப் பெண்மணி வினாவை முழுமையாகப் புரிந்துகொண்டவர் என்றும், எங்கள் பக்கத்தில் மனைவி கணவன் பெயரைச் சொல்வதில்லை என்றும், பக்கத்தில் நிற்பவர் சொல்வார் என்றும், உங்கள் கூடத்தில் பக்கத்தில் நிற்க எவரையும் விடுவதில்லை என்றும், ஒரு வாக்கியத்திற்கு மறு வாக்கியம் இடறாமல் சொன்னேன்.

அவர் கவனமாகக் கேட்டார். பிறகு மென்மையாகச் சொன்னார்.

"அவர் புரிந்துகொண்டார் என்பதற்கு நாடாவில் சான்று இல்லையே, ஐயா. அமைதிக்கு மதிப்பெண் போட எங்களிடம் வழி கிடையாது."

அந்தப் பெண்மணி என் மனைவி என்று அப்போதுதான் சொன்னேன். எழுந்து நின்று அனுதாபம் தெரிவித்தார். உண்மையான அனுதாபம், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். நீங்கள் விரும்பினால் நாடாவை அழித்துவிடலாம் என்றார். பாடத்துக்காகப் பதிவானவை கூடத்தை விட்டு வெளியே போவதில்லை, படியெடுப்பதற்கும் இடமில்லை. அழிப்பதற்கு மட்டும் இடமுண்டு. இல்லையென்றால், இது சுவையான பழக்கமாக இருக்கிறது, வரும் செவ்வாய்க்கிழமை இன்னொரு குழுவாகச் சேரும் புது மாணவர்கள்முன் நாடாவை ஓட்டும்போது நீங்களே வந்து விளக்கினால் வகுப்புக்குப் பயன்படும் என்றார்.

இதுவரை அவள் அறியாமைக்கு மாதிரி. இனி விநோதத்துக்கு மாதிரி. அதற்கும் இசையாவிட்டால் அவள் குரலே இராது. இவ்வளவையும் ஒரு மனிதர் காப்பிக் கோப்பையை என் பக்கம் நகர்த்திவைத்தபடியே சொல்ல முடிந்தது.

வருகிறேன் என்றேன். அதற்கு முன் நாடாவை ஒருமுறை கேட்க வேண்டும் என்றேன். அதற்கு அனுமதி கிடைத்தது.

நம் தாலுகாக்கள் இந்த மாதம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிட்டன என்ற செய்தி பத்திரிகைகளில் தாமதமாக வந்து சேர்ந்தது. மலையாளத்தில் கேட்டு, அதே மொழியில் பதில் சொல்லாதவனை ஊமை என்று எழுதிவைக்கும் அலுவலகங்களை நீங்கள் அறிவீர்கள். அதனால்தான் இதை வேறெவருக்கும் எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

5

வெள்ளிக்கிழமை பிற்பகல் கூடம் காலியாக இருந்தது. வள்ளி நாடாவைப் பூட்டினாள். உமையம்மாள் அமர்ந்திருந்த அதே தடுப்புக்குள் அமர்ந்து, காதுக்கருவியை மாட்டிக்கொண்டேன். அதை மாட்டிக்கொண்டால் உலகம் நின்றுவிடும். தெருவின் டிராம் சத்தம்கூட இல்லை. இப்படி ஓர் இடத்தில் ஒருவரை உட்காரவைத்து, பேசு என்று சொல்கிறார்கள்.

பெயர். ஊர். பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் அவள் இடைவெளி பாதி கழிவதற்குள் பதில் சொன்னாள். பிறகு அந்தக் கேள்வி.

தாழ்வாரத்தில் நான் அமைதி என்று எடுத்துக்கொண்டது அமைதியே அல்ல. வளையல் மரத்தில் மோதியது. நாற்காலி நகர்ந்தது. ஒலிவாங்கியை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். குரல் தொலைவிலிருந்து வந்தது.

"ஏட்டி, நீ சொல்லேன்."

மறுபடியும், இன்னும் மெதுவாக: "சொல்லு பிள்ளே."

என் கணவரின் பெயர் பியேர் என்று இயந்திரம் அறிவித்தது. உமையம்மாளின் குரல் பதறியது: "அய்ய, இது யாருட்டி?"

காதுக்கருவியைக் கழற்றிவிட்டேன். மேற்கொண்டு கேட்க இயலவில்லை. வள்ளி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றிருந்தாள்.

"அண்ணைக்கு நான் அங்கதான் இருந்தேன்ப்பா. அம்மை திரும்பி என்னையத்தான் பாத்தா. எடுத்துக்குடுக்கப்பிடாதுன்னு விதி. வேலைக்கு வந்து ரெண்டாவது நாளு."

என் வாயில் வந்த சொற்களை இங்கு எழுதவில்லை. அன்று அவளிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவை அவளுக்கு உரியவை ஆகியிருக்கும். உரியவை அந்தக் கண்ணாடிச் சுவருக்கு. ஆனால் என் முகத்தை அவளிடமிருந்து மறைக்க எனக்குத் தெரியவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்பாகவே வீட்டுக்கு நடந்தேன். ஆற்றுப்பாலத்தில் அவள் எனக்குப் பின்னால் வருவது தெரிந்தது. நான் நிற்கவில்லை. அவளும் எட்டி நடக்கவில்லை.

சனியும் ஞாயிறும் செவ்வாய்க்கிழமை வகுப்பில் பேச வேண்டியதை எழுதினேன். எழுதி, திருத்தி, மறுபடி படியெடுத்தேன். நாடாப் பெட்டியில் ஒட்டிய அந்தத் தாளை என் கண்முன் கிழித்தெடுக்க வேண்டும் என்பதே அதன் முடிவுரை. அதன் பிரெஞ்சில் எவரும் குறை காண முடியாது.

6

செவ்வாய்க்கிழமை புது மாணவர்கள் கூடம் நிறைய அமர்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் ஹங்கேரியிலிருந்து அண்மையில் ஓடிவந்த இளைஞர்கள். சிலருடைய கோட்டு அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது. யாரோ கொடுத்திருக்க வேண்டும். கண்ணாடிச் சுவரின் கதவைத் திறந்துவைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் பொருத்தியிருந்தார்கள். பொறுப்பாளர் என்னைத் தம் பக்கத்தில் அமரச் சொன்னார். நான் கடைசி வரிசையில் அமர்ந்தேன். இயந்திரத்தின் அருகே வள்ளி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

முதலில் நாடா, பிறகு விளக்கம் என்று பொறுப்பாளர் அறிவித்தார். வள்ளி விசையை அழுத்தினாள்.

உமையம்மாள் தன் பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். ஒரு மகள் இருக்கிறாள் என்றாள்.

அம்மணி, உங்கள் கணவரின் பெயர் என்ன?

வளையல் சத்தம். நாற்காலி. மாணவர்களில் ஒருவன் சிரிக்கத் தொடங்கினான். அந்தச் சிரிப்புக்கு அடியில், மிகத் தொலைவில்போல, அந்தக் குரல் வந்தது: "ஏட்டி, நீ சொல்லேன்."

"எங்க அப்பா பேரு தாணுமாலயப் பிள்ளை" என்றாள் வள்ளி.

வடசேரி முற்றத்திலிருந்து கத்துவதுபோல் கத்தினாள். சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திக்கொண்டான். அவள் கை இயந்திரத்தின் குமிழில் இருந்தது. அதை முழுவதும் திருகி ஒலியை அடக்கினாள். நாடா ஓடிக்கொண்டேயிருந்தது. பியேர் வந்ததும் போனதும் எவருக்கும் கேட்கவில்லை.

"மத்மொசெல், எடுத்துக்கொடுப்பது விதிக்கு முரண்" என்றார் பொறுப்பாளர். கோபமாக அல்ல, நினைவுபடுத்துவதுபோல.

வள்ளி பிரெஞ்சில் பதில் சொன்னாள். "நான் எடுத்துக்கொடுக்கவில்லை, ஐயா. அம்மா கேட்டது என்னைத்தான்."

குமிழை மறுபடி திருப்பினாள். சரியான இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. இயந்திரத்தின் குரல் அடுத்த கேள்வியைக் கேட்டது: அவர் என்ன தொழில் செய்கிறார்?

"ஆசிரியர்" என்றாள் என் மனைவி, ஒரு நொடியும் தாமதிக்காமல், பிழையற்ற பிரெஞ்சில். "மிகவும் கோபக்காரர். ஆனால் வெளியே தெரியாது."

கூடம் சிரித்தது. இந்த முறை அவள் சொன்னது விளங்கிச் சிரித்தது.

வள்ளி இயந்திரத்தை நிறுத்தினாள். பொறுப்பாளர் என் பக்கம் திரும்பி, தாங்கள் விளக்கலாம் என்பதுபோல் கையைக் காட்டினார். எழுதிக்கொண்டு போயிருந்த தாள் சட்டைப்பையில் இருந்தது. அதிலிருந்த ஒவ்வொரு சொல்லையும் இன்றும் ஒப்புக்கொள்கிறேன். எழுந்து நின்றேன்.

"விடை சரி" என்று சொல்லிவிட்டு அமர்ந்தேன்.